அவள் பெயர் என்ன?
வாடகைத் தாய்மாரின் உரிமைகளும் சபையின் கடமையும் – ஒரு படிப்பு



இவ்விதழின் படிப்புப் பகுதியைப் பல சபைகளில் மாதர் சங்கக் கூட்டங்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் வாசித்துக் கலந்து பேசுகிறீர்கள். இம்முறை, பேசுவதற்குச் சற்றுக் கூச்சமானதும் பேசாமல் விடக் கூடாததுமான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுகிறோம். பிள்ளையில்லாத தம்பதிகளுக்காக வேறொரு பெண் தன் வயிற்றில் பிள்ளையைச் சுமந்து பெற்றுக்கொடுக்கும் முறையைப் பற்றியது இது. நம் மருத்துவமனையில் இம்முறை செய்யப்படுவதில்லை. ஆயினும் பிள்ளைப் பாக்கியத்திற்காக ஏங்கும் தம்பதியரும், கடனால் நெருக்கப்பட்டுத் தவறான ஆலோசனைகளுக்குச் செவிகொடுக்கும் ஏழைத் தாய்மாரும் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். இருவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

1. சொல்லும் பொருளும்

இதனை மக்கள் "வாடகைத் தாய்" முறை என்கிறார்கள். வீட்டுக்கு வாடகை உண்டு, சைக்கிளுக்கு வாடகை உண்டு. வாடகைக்கு எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. ஒரு தாயைப் பற்றி அப்படிச் சொல்லலாமா? இன்றைய இந்தியச் சட்டத்தின்படி இதற்கு வாடகை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இருந்தும் அந்தப் பெயர் நம் வாயில் நிலைத்துவிட்டது. வேறு சொல் வழக்கில் இல்லாதபடியால் நாமும் அதையே இங்கே எழுதுகிறோம். ஆனால் அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை வாசிக்கும்போதெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சுமக்கும் பெண்ணின் கருமுட்டையே உபயோகிக்கப்படும். ஆகவே பிள்ளை இரத்த சம்பந்தத்தாலும் அவளுடையதே. இரண்டாம் வகையில் கரு வெளியே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டு, அவளுடைய கருப்பையில் வைக்கப்படும். இந்தியாவில் இந்த இரண்டாம் வகைக்கு மட்டுமே அனுமதி உண்டு.

2. நம் நாட்டில் நடந்தது

1978ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது. பிள்ளையில்லாத அநேகருக்கு அது நம்பிக்கையின் கதவாயிற்று. அந்தக் கதவின் வழியாகவே பின்னர் வியாபாரமும் நுழைந்தது.

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், தடுக்கும் சட்டம் ஏதும் இல்லாத நிலையில், வெளிநாட்டுத் தம்பதிகள் இந்தியாவைத் தேடி வந்தார்கள். குஜராத்தின் ஆனந்த் நகரம், பால் கூட்டுறவுக்குப் பெயர் பெற்ற அதே ஊர், இதற்கும் உலகப் பெயர் பெற்றது. சுமந்த பெண்களுக்கு 2 முதல் 4 இலட்சம் ரூபாய் வரை கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் ஒரு பெண் பல ஆண்டுகள் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது. பல இடங்களில் அவர்கள் பிரசவம் வரை விடுதிகளில் தங்க வைக்கப்பட்டார்கள். பெற்ற பிள்ளைகளைக்கூடக் குறிப்பிட்ட நாட்களில்தான் பார்க்க முடிந்தது. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் பலம் இல்லை.

அக்காலத்துச் சம்பவங்களில் மூன்றை மட்டும் இங்கே சொல்லுகிறோம்.

முதலாவது, 2008 ஜூலையில் ஆனந்தில் பிறந்த மாஞ்சி என்ற பெண் குழந்தை. பிறப்பதற்கு முன்னரே ஜப்பானியத் தம்பதி விவாகரத்துச் செய்துகொண்டார்கள். மனைவியாயிருந்தவர் குழந்தையை ஏற்க மறுத்தார். கருமுட்டை கொடுத்தவர் பெயர் தெரியாதவர். சுமந்தவளுக்கோ ஒப்பந்தப்படி பொறுப்பில்லை. தாய் என்று மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லாமற்போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பாட்டியின் பராமரிப்பில் இருந்த குழந்தை சில மாதங்களுக்குப் பின்பே ஜப்பான் சென்றது.

இரண்டாவது, அதே ஆண்டில் ஒரு ஜெர்மானியத் தந்தைக்காகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஜெர்மனியின் சட்டம் இம்முறையை ஏற்பதில்லை. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஒப்புக்கொள்ளத் தயங்கிற்று. ஏறக்குறைய 2 ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாய் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

மூன்றாவது, 2012 மே மாதத்தில் ஆமதாபாத்தில் நடந்தது. இரண்டு பிள்ளைகளின் தாயாகிய 30 வயதுப் பெண் ஒருவர், அமெரிக்கத் தம்பதிக்காகப் பிள்ளையைச் சுமந்து எட்டாம் மாதத்தில் இருந்தபோது திடீரென்று மயங்கி விழுந்து இறந்துபோனார். அவசர அறுவை சிகிச்சையில் குழந்தை பிழைத்தது. உலகமெங்கும் செய்தியான முதல் இரண்டு சம்பவங்களும் பிள்ளைகளைப் பற்றியவை. அவர்களைச் சுமந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர் மிகச் சிலரே. தாயைப் பற்றிய மூன்றாவது சம்பவமோ சீக்கிரத்தில் மறக்கப்பட்டது.

இவற்றின் நடுவே, 2009 ஆகஸ்டில் இந்தியச் சட்ட ஆணையம் தனது 228ஆம் அறிக்கையில் வியாபார நோக்கை விலக்கி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015 நவம்பரில் வெளிநாட்டவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஓர் ஆஸ்திரேலியத் தம்பதிக்காகப் பிறந்த இரட்டையரில், டவுன் குறைபாடுள்ள ஆண் குழந்தை மட்டும் சுமந்த தாயிடமே தங்கிவிட்ட செய்தி 2014இல் பரவியபின் தாய்லாந்தும் 2015இல் அதையே செய்தது.

3. இன்றைய சட்டம் தரும் உரிமைகள்

வாடகைத் தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம் 2021 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. சுமக்கும் பெண்ணைப் பற்றி அது சொல்வதை எளிய சொற்களில் தருகிறோம்:

அ) அவள் மணமானவளாகவோ முன்பு மணமாகியிருந்தவளாகவோ, தனக்கென்று ஒரு பிள்ளை உள்ளவளாகவோ, 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாகவோ இருந்தால் மட்டும் போதாது, இவை அனைத்தும் ஒருங்கே இருக்க வேண்டும். உடலும் மனமும் தகுதியானவை என்று மருத்துவச் சான்றும் வேண்டும்.

ஆ) வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இப்படிச் செய்யலாம். கருவை வைக்கும் முயற்சியும் மூன்று தடவைக்கு மேல் கூடாது.

இ) பக்க விளைவுகள் யாவும் அவளுக்கு விளக்கப்பட வேண்டும். அவளுக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்ட சம்மதம் பெறப்பட வேண்டும். கரு தன் கருப்பையில் வைக்கப்படும் வரை எப்போது வேண்டுமானாலும் "எனக்கு வேண்டாம்" என்று விலகிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

ஈ) கருவைக் கலைக்கும்படி யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. அவளது எழுத்துச் சம்மதமும் அதிகாரியின் அனுமதியும் இன்றிக் கருக்கலைப்பு செய்தல் குற்றம்.

உ) பிள்ளையை விரும்பும் தம்பதி 36 மாதங்களுக்கு அவளுக்குக் காப்பீடு செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களும் அதில் அடங்கும். 2016இல் கொண்டுவரப்பட்ட மசோதா இப்படி நீண்ட காலத்தைக் கேட்கவில்லை. 2020இல் மாநிலங்களவையின் தெரிவுக் குழு 16 மாதத்தை 36 ஆக்கும்படி பரிந்துரைத்ததன் பலன் இது.

ஊ) பணத்துக்காக இதை நடத்துகிறவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்துக்கு மாறாக ஒரு பெண் இதில் ஈடுபடுத்தப்பட்டால், கணவனோ, தம்பதியோ, உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது மற்றவர்களின் பொறுப்பு.

பிள்ளையை விரும்புகிறவர்களுக்கும் வரம்புகள் உண்டு. மனைவி 23 முதல் 50, கணவர் 26 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றும், பிள்ளையின் பெற்றோர் யார் என்பதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உத்தரவும் முன்னதாகவே பெற வேண்டும். 35 முதல் 45 வயது வரையுள்ள விதவையும் விவாகரத்தானவரும் விண்ணப்பிக்கலாம். சட்டம் வருமுன்னரே கருவை உறையவைத்துக் காத்திருந்த தம்பதியருக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

4. சட்டம் விட்டுவைத்த இடைவெளிகள்

இந்த உரிமைகள் மெய்யான நன்மைகளே. ஆயினும் சுமக்கும் தாயின் பக்கத்தில் நின்று பார்த்தால் நான்கு இடைவெளிகள் தெரிகின்றன.

முதலாவது, கூலி. மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர வேறு பணம் அவளுக்குக் கிடையாது. மருத்துவர் ஊதியம் பெறுகிறார். மருந்துக்கடைக்காரர் இலாபம் பெறுகிறார். வழக்கறிஞரும் கட்டணம் பெறுகிறார். ஒன்பது மாதமும் உடலையே கொடுத்தவள் மாத்திரம் தியாகம் செய்ய வேண்டும் என்கிறோம். 2017 ஆகஸ்டில் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைச் சுட்டிக்காட்டி, இழந்த வருமானத்துக்கும் உழைப்புக்கும் நியாயமான ஈட்டுத்தொகை தரும் முறையே நல்லது என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பணம் அனுமதிக்கப்பட்டால் ஏழைப் பெண்கள் சந்தைப் பொருளாவார்கள் என்பது அரசின் அச்சம். ஆனந்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் அந்த அச்சம் வீண் என்று சொல்ல முடியாது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறபடியால்தான் இந்தக் கேள்வி கடினமாயிருக்கிறது.

இரண்டாவது, குடும்பத்தின் நெருக்குதல். பணம் இல்லாமல் யார் முன்வருவார்கள்? பெரும்பாலும் உறவுக்காரப் பெண்தான். நாத்தனாரோ, தங்கையோ, பெரிய வீட்டாரை அண்டிப் பிழைக்கும் ஏழை உறவினளோ, "முடியாது" என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாளா? அந்நியனுக்கு மறுப்புச் சொல்லிவிடலாம். ஒரே அடுப்பில் சமைக்கிறவர்களுக்குச் சொல்லுவது எளிதல்ல. சம்மதக் கையொப்பம் அந்தப் பயத்தை வெளியே காட்டாது.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பின் அவளது மனம். இங்கிலாந்துச் சட்டத்தில் பெற்றெடுத்தவளே முதலில் தாய்; பிள்ளையை ஒப்புக்கொடுக்கும் அவளது சம்மதம், பிறந்து ஆறு வாரங்கள் ஆனபின் கொடுத்தால்தான் செல்லும். இந்தியச் சட்டமோ கரு வைக்கப்படுமுன்பே முடிவைக் கட்டிவிடுகிறது. பிள்ளைக்குத் தெளிவான பெற்றோர் இருக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. மாஞ்சிக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேரக் கூடாது. ஆனால் பால் சுரந்து, தொட்டில் இல்லாமல் வீடு திரும்பும் பெண்ணைப் பற்றிச் சட்டத்தில் அதிகம் இல்லை. 2024 ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஊழியரான வாடகைத் தாய்க்கு 180 நாள் பேறுகால விடுப்பு அறிவிக்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் சித்தாள் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகும் பெண்ணுக்கு யார் விடுப்புக் கொடுப்பார்?

நான்காவது, மறைவான வியாபாரம். தடை செய்யப்பட்டது நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் இருட்டுக்குள் போய்விடுகிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதை ஆதார் அட்டையில் கூட்டிக் காட்டி, பலமுறை அவளது கருமுட்டைகளை விற்ற செய்தி நம்மை நடுங்கச் செய்தது. கைதானவர்களில் அவளைப் பெற்ற தாயும் ஒருவர். கருமுட்டை தருகிறவர் வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இருளில் நடப்பதில் சம்மதமும் இல்லை, காப்பீடும் இல்லை, கணக்குக் கேட்க ஆளும் இல்லை.

5. உடல் கொடுக்கும் விலை

"பத்து மாதம் சுமப்பதுதானே, ஏற்கெனவே பெற்றவள்தானே" என்று சிலர் இலேசாகச் சொல்லுகிறார்கள். மருத்துவ ஊழியர்களாகிய நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கருப்பையை ஆயத்தப்படுத்தப் பல வாரங்கள் மருந்தும் ஊசியும் வேண்டும். வேறொருவரின் கருமுட்டையால் உண்டான கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு ஏறும் ஆபத்து அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட கரு வைத்தால் இரட்டைக் கர்ப்பமும் குறைமாதப் பிரசவமும் அதனுடன் வரும். ஆகவேதான் இப்போதைய விதி, வழக்கமாக ஒரே கருவை மட்டும் வைக்கச் சொல்லுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நடந்த 8,60,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பரிசீலித்த ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. தாய்க்குக் கடுமையான சிக்கல் நேர்ந்தது, இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 100க்கு 2.3 பேருக்கு, சோதனைக் குழாய் முறையில் தமக்காகவே கருத்தரித்தவர்களில் 4.3 பேருக்கு, பிறருக்காகச் சுமந்தவர்களில் 7.8 பேருக்கு. நல்ல வசதியுள்ள நாட்டிலேயே இப்படியானால், இரத்தசோகையுடன் வாழும் நம் கிராமத்துத் தாய்மாருக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

6. வேதத்தில் ஒரு பெண்

ஆதியாகமம் 16ஆம், 21ஆம் அதிகாரங்களை வீட்டில் வாசியுங்கள். பிள்ளையில்லாத சாராய் தன் எகிப்திய அடிமைப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுக்கிறாள், அவள் மூலம் தன் வீடு கட்டப்படும்படி. இன்றைய மருத்துவ முறை அதுவல்ல. ஆகாருக்குப் பிறந்தவன் அவளுடைய சொந்த மகன். இருந்தாலும் அந்த வீட்டில் நடந்ததைக் கூர்ந்து கவனிக்கும்போது நமக்கு இரண்டு காரியங்கள் விளங்கும்.

ஒன்று, ஆகாரின் விருப்பத்தை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு, சாராயும் ஆபிராமும் பேசும் எந்த வாக்கியத்திலும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவர்கள் வாயில் அவள் அடிமைப்பெண் மட்டுமே. வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் அவளைக் கண்ட கர்த்தருடைய தூதனே முதலில் பெயர் சொல்லி அழைத்தான். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரித்தான். தன்னைக் காண்கிறவர் என்று தேவனுக்குப் பெயரிட்டவளும் அவளே. சாராளின் கண்ணீரையும் அதே தேவன் கண்டார் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருத்தியின் கண்ணீரைத் துடைக்க இன்னொருத்தியை அழவைக்க அவர் கேட்கவில்லை.

யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வோனின் குமாரத்தி, நாணற்பெட்டியில் கிடந்த பிள்ளையைப் பாலூட்டி வளர்க்கும்படி ஓர் எபிரெய ஸ்திரீயிடம் கொடுக்கும்போது அதற்குச் சம்பளம் தருவதாகச் சொல்லுகிறாள். பிள்ளையை வளர்க்கும் உழைப்புக்குக் கூலி உண்டு என்பது அரண்மனைப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. ஈட்டுத்தொகையைப் பற்றி விவாதிக்கும்போது இந்தப் பகுதியையும் நினைத்துக்கொள்ளலாம்.

7. சபை செய்யக்கூடியவை

முதலில், பிள்ளையில்லாத சகோதரியைப் புண்படுத்தும் பேச்சை நிறுத்துவோம். திருமணமாகி ஓராண்டு ஆகுமுன்னே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறோம். வளைகாப்புக்கு அவளை அழைக்கத் தயங்குகிறோம். "மலடி" என்ற சொல் ஆலய வளாகத்திலும் காதில் விழுகிறது. இப்படித் துரத்தப்படுகிறவர்கள் எந்த விலை கொடுத்தாவது, யாருடைய உடலைக் கொண்டாவது ஒரு பிள்ளையைத் தேடினால், அதில் நமக்குப் பங்கில்லையா? குறை கணவரிடத்திலும் இருக்கலாம் என்பதையும் ஆண்கள் கூட்டங்களில் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, தத்தெடுத்தலைப் பேசுவோம். முற்காலத்தில் கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. முழுப் பெற்றோராக முடியவில்லை. இப்போது சிறார் நீதிச் சட்டத்தின்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். பிள்ளைக்கு முழு உரிமையும் உண்டு. இது தெரியாத போதகர்களும் இருக்கிறார்கள். தத்தெடுத்த குடும்பங்களைச் சபையில் சாட்சி சொல்ல அழையுங்கள்.

மூன்றாவதாக, உங்கள் தெருவில் ஒரு பெண்ணைத் தரகர் அணுகினால் அவளை அதட்டாமல், அருகில் உட்கார்ந்து இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: காகிதம் தமிழில் இருக்கிறதா? மருத்துவமனை பதிவு பெற்றதா? மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று எங்கே? 36 மாதக் காப்பீட்டுப் பத்திரம் யார் பெயரில்? எனக்கு ஏதாவது நேர்ந்தால் என் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? பணம் தருவதாகச் சொன்னால் அதுவே சட்ட விரோதம் என்பதையும் தெரிவியுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதன் எண் 15100. பெண்கள் உதவி எண் 181.

நான்காவதாக, கடனைக் கவனிப்போம். வட்டிக்காரனுக்கும் குழுக்கடனுக்கும் பதில் சொல்ல முடியாத வாரத்தில்தான் தரகரின் சொல் இனிக்கிறது. சபையின் தரும நிதியிலிருந்து அந்த வாரத்தில் கிடைக்கும் சிறு உதவி, எந்தச் சட்டத்தைவிடவும் அவளுக்குப் பெரிய பாதுகாப்பாயிருக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. உறவுக்காரப் பெண் சம்மதம் என்று சொல்லும்போது, அது மனதாரச் சொன்னதுதானா என்று எப்படி அறியலாம்?
2. சுமந்த தாய்க்கு ஈட்டுத்தொகை தருவது நியாயமா, அல்லது அது ஏழைகளைச் சிக்கவைக்கும் கண்ணியா? இரு பக்கத்தையும் பேசுங்கள்.
3. ஆதியாகமம் 16இல் ஆபிராமின் மௌனத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இன்று யாருடைய மௌனம் அதற்கு ஒப்பானது?
4. பிள்ளையில்லாத தம்பதியர் நம் சபையில் நிம்மதியாய் உட்கார முடிகிறதா? எதை மாற்ற வேண்டும்?

ஜெபத்திற்கு

பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியருக்காகவும், பிறருக்காகப் பிள்ளையைச் சுமக்கும் தாய்மாரின் சுகத்துக்காகவும், இம்முறையில் பிறந்த பிள்ளைகளுக்காகவும், சட்டத்தைத் திருத்தும் பொறுப்புள்ளவர்களுக்காகவும் ஜெபியுங்கள். அப்படிச் சுமக்கும் ஒரு பெண்ணை நீங்கள் அறிந்திருந்தால், ஜெபிக்கும்போது அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.